நாடு காணாத பட்டாளம்

சுதந்திர தினத்தன்று காலையில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். ஆலை வாசல்களில் கொடி ஏற்றுவார்கள். கொடிக் கம்பத்தைச் சுற்றி நிற்கும் தொழிலாளிகளில் நம் ஊர்க்காரர்களும் இருப்பார்கள். பீகார், ஒடிசா, வங்காளம் முதலிய ராஜ்யங்களிலிருந்து ரயிலேறி வந்தவர்களும் இருப்பார்கள். ஒருவரையொருவர் சந்திக்கும்போது ஒருவர் "ராம் ராம்" என்பார். ஒருவர் "நமஸ்கார்" என்பார். ஒருவர் "ஸலாம்" என்பார். நம்மவர் "வணக்கம்" என்று கை கூப்புவார். ஆனால் கொடி மேலே ஏறி விரிந்தவுடன் எல்லோர் வாயிலிருந்தும் ஒரே கோஷம் கிளம்பும்: "ஜய் ஹிந்த்!"

இந்தக் கோஷம் எங்கே பிறந்தது? காசியிலா, கல்கத்தாவிலா, டில்லிச் செங்கோட்டையிலா? ஒன்றிலும் இல்லை. ஜெர்மனி தேசத்தில், ஹிட்லருடைய ராணுவம் வாழ்ந்த முகாம்களில் இது பிறந்தது. அதை முதல் முதலாகச் சொல்லி வணங்கிக் கொண்டவர்கள் ஜெர்மானியச் சிப்பாயின் சாம்பல் நிற உடுப்பை அணிந்திருந்த சீக்கியர்களும், ராஜபுத்திரர்களும், பஞ்சாபி முஸ்லிம்களும் ஆவார்கள்.

சிங்கப்பூரில் அமைந்த இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றித் தமிழ் வீடுகளில் அறியாதவர் இல்லை. மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் பாடுபட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். சென்னையில் வளர்ந்த டாக்டர் லக்ஷ்மி ஜான்ஸி ராணிப் படைக்குத் தலைமை வகித்தார். ஆனால் அந்த ராணுவத்துக்கு மூத்த சகோதரன் ஒருவன் இருந்தான் என்பதும், அவன் ஐரோப்பாவில் பிறந்து, மூன்று வருஷத்துக்குச் சற்று அதிகமாக உயிர் வாழ்ந்து, ஒரு பனிமலை அடிவாரத்தில் மடிந்தான் என்பதும் பலருக்குத் தெரியாது. ஜெர்மானியர் தஸ்தாவேஜுகளில் அதற்கு 950-வது காலாட்படை ரெஜிமெண்டு என்று பெயர். சிப்பாய்கள் அதை "ஆஸாத் ஹிந்த் பௌஜ்" என்றார்கள்.

* * *

கதையின் இரண்டு நுனிகளும் ஒரே வாரத்தில் தொடங்குகின்றன.

1941-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஒரு நள்ளிரவில் சுபாஷ் சந்திர போஸ் கல்கத்தா எல்ஜின் ரோடு வீட்டிலிருந்து போலீஸ் காவலை ஏமாற்றிவிட்டு வெளியேறினார். ஜியாவுத்தீன் என்ற பெயரில் முஸ்லிம் கனவானாக வேஷம் தரித்துப் பெஷாவர் போய், காபூல் போய், அங்கிருந்து ஒர்லாண்டோ மத்ஸோட்டா என்னும் இத்தாலியராக மாறி, மாஸ்கோ வழியாக ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் பெர்லின் போய்ச் சேர்ந்தார்.

அதே ஏப்ரல் 8-ஆம் தேதி, ஆப்பிரிக்காவின் வடகரையில், லிபியாப் பாலைவனத்தில் மெக்கிலி என்ற பழைய கோட்டையண்டை, 3-வது இந்திய மோட்டார் பிரிகேடு ஜெர்மானியத் தளபதி ரோம்மெலின் படைகளால் சூழப்பட்டது. சிலர் முற்றுகையைப் பிளந்துகொண்டு தப்பினார்கள். பெரும்பாலோர் கைதிகளானார்கள். பிரிட்டிஷ் சக்கரவர்த்திக்காக, இத்தாலியர் ஆண்ட பூமியில், ஜெர்மானியரிடம் அகப்பட்ட இந்தியர்கள்! இந்த யுத்தத்தில் அவர்களுக்கு என்ன சம்பந்தம் என்று ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை. இந்தியா யுத்தத்தில் சேர்கிறது என்று 1939-ல் ராஜப்பிரதிநிதி பிரகடனம் செய்தபோது, இந்திய ஜனங்களின் பிரதிநிதிகளையே அவர் கேட்கவில்லை. சிப்பாயை எங்கே கேட்கப் போகிறார்!

பெர்லினில் போஸுக்கு அந்தக் கைதிகளின் செய்தி எட்டியது. அவருக்குத் தேவையானது ஒரு பட்டாளம். அதற்கு வேண்டிய ஆட்கள், பயிற்சி பெற்ற ஆட்கள், முள்வேலிக்குள் சோம்பிக் கிடந்தார்கள். மே மாதத்தில் லிபியாவிலிருந்து முதல் தொகுதியாக 27 பேரை விமானத்தில் பெர்லினுக்குக் கொண்டு வந்தார்கள். பிறகு மற்றக் கைதிகளும் கொஞ்சங் கொஞ்சமாக ஜெர்மனிக்கு வந்தார்கள். அன்னபுர்க் என்னும் ஊரில் அவர்களுக்கு முகாம். நாளடைவில் அங்கே சுமார் 10,000 பேர் சேர்ந்தார்கள்.

நம் தமிழ் ரத்தம் இந்த விஷயத்தில் முன்பே ஒரு முறை கலந்திருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் போவது தர்மம் ஆகாது. திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் 1891-ல் பிறந்த செண்பகராமன் பிள்ளை முதல் மகா யுத்தத்தின்போது பெர்லினில் இந்தியப் புரட்சிக்காரர்களின் கமிட்டியில் முக்கியஸ்தராக இருந்தார். அப்போதும் ஜெர்மனியில் இந்தியக் கைதிகளுக்குத் தனி முகாம் இருந்தது. அவர்களைப் பிரிட்டிஷாருக்கு எதிராகத் திருப்பும் முயற்சியும் நடந்தது. அது பலிக்கவில்லை. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னை மீது குண்டு வீசிப் பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைப் பற்ற வைத்ததே எம்டன் கப்பல், அதில் பிள்ளையும் இருந்தார் என்று நம் பாட்டிமார்கள் கதை சொல்வார்கள். அதற்குத் தக்க ஆதாரம் கிடையாது. ஆனாலும் "அவன் பெரிய எம்டன்" என்ற வசனம் தமிழில் நிலைத்துவிட்டது. பிள்ளை 1934-ல் பெர்லினிலேயே காலமானார். போஸ் அங்கே பட்டாளம் திரட்ட வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

* * *

பட்டாளத்தில் சேருவது சுலபமான காரியமாயிருக்கவில்லை. போஸ் முதல் தடவை அன்னபுர்க் முகாமுக்குப் போனபோது அவருக்குப் பூரண கும்ப மரியாதை நடந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஹவில்தார், ஜமேதார் முதலிய பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். சிலர் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். அவர்களுடைய நிலையைச் சிந்தித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியம் இல்லை. உப்பைத் தின்று வாக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். பாட்டன், தகப்பன், மகன் என்று தலைமுறை தலைமுறையாக ஒரே ரெஜிமெண்டில் உத்தியோகம் பார்த்த குடும்பங்கள். சொந்தக் கிராமத்தில் மனைவி மாதா மாதம் தபாலாபீஸில் சம்பளப் பணம் வாங்கிக் கொண்டிருக்கிறாள். கைதியாயிருந்தாலும் அது நிற்காது. பெயர் மாறினால் நின்றுபோகும். மற்றொரு பக்கம், காங்கிரஸுக்கு இரண்டு முறை தலைவராயிருந்த மனிதர், அடிமைத் தளையை அறுக்க வாருங்கள் என்று எதிரில் நின்று ஹிந்துஸ்தானியில் கூப்பிடுகிறார். எந்தப் பிரமாணம் பெரியது? பிறந்த நாட்டுக்குச் சொல்லாமல் செய்த பிரமாணமா, வேற்று அரசனுக்கு வாய் திறந்து செய்த பிரமாணமா?

சுமார் 10,000 கைதிகளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள், அதன் உச்ச நிலையில், சுமார் 2,600 பேர். அதாவது நாலில் மூன்று பேர் மறுத்தார்கள். மறுத்தவர்களைக் கோழைகள் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. சேர்ந்தவர்களைத் துரோகிகள் என்றும் சொல்ல ஒப்பவில்லை. முள்வேலிக்குள் நின்று ஒரு மனிதன் எடுத்த முடிவைச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எடை போடுகிறவர்கள் சற்று யோசித்துப் போடவேண்டும்.

1941-ஆம் வருஷ முடிவில் முதல் தொண்டர் கூட்டம் கெம்னிட்ஸ் நகருக்கு அருகிலுள்ள பிராங்கன்பெர்க் முகாமுக்குப் புறப்பட்டது. ஆட்கள் பெருகப் பெருக, கோனிக்ஸ்புருக் என்ற பெரிய முகாமுக்கு மாறினார்கள். அங்கே நடந்த காரியத்தைத்தான் நாம் நின்று கவனிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் ஒரு கம்பெனி முழுதும் சீக்கியர், ஒரு கம்பெனி முழுதும் ஜாட்டுகள், ஒரு கம்பெனி முழுதும் பஞ்சாபி முஸ்லிம்கள் என்று பிரித்தே வைத்திருந்தார்கள். 1857-க்குப் பிறகு கண்ட உபாயம் அது. ஒரு ஜாதி கலகம் செய்தால் மற்றொரு ஜாதியைக் கொண்டு அடக்கலாம் அல்லவா? போஸ் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கினார். எல்லா மதத்தாரையும் எல்லா மாகாணத்தாரையும் ஒரே கம்பெனியில் கலந்து போடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அப்படியே ஆயிற்று. ஹிந்துக்கள் பாதிக்கு மேல், முஸ்லிம்கள் ஏறக்குறைய கால் பங்கு, சீக்கியர் அடுத்தபடி. எல்லோரும் ஒரே கொட்டகையில் படுத்தார்கள்.

கலந்து படுத்தால் மட்டும் போதுமா? காலையில் எழுந்து ஒருவரையொருவர் என்ன சொல்லிக் கூப்பிடுவது? "ஸத் ஸ்ரீ அகால்" என்றால் அது சீக்கியருடையது. "ராம் ராம்" என்றால் ஹிந்துவினுடையது. "ஸலாம் அலைக்கும்" என்றால் முஸ்லிமினுடையது. போஸின் காரியதரிசியாக இருந்தவர் ஆபித் ஹஸன் என்ற ஹைதராபாத் வாலிபர். பெர்லினில் என்ஜினியரிங் படிக்க வந்தவர். படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்து சேர்ந்தவர். அவரிடம் இந்தப் பிரச்னை வந்தது. ராஜபுத்திரச் சிப்பாய்கள் "ஜய் ராம்ஜீ கீ" என்று வணங்குவதைக் கேட்டார் என்றும், அதிலிருந்து "ஜய் ஹிந்துஸ்தான் கீ" என்று ஆக்கிப் பார்த்தார் என்றும், அது நீளமாயிருக்கவே "ஜய் ஹிந்த்" என்று சுருக்கினார் என்றும் சொல்லுவார்கள். செண்பகராமன் பிள்ளைதான் இந்த வார்த்தையை முதலில் சொன்னார் என்று நம் பக்கத்தில் ஒரு கட்சி உண்டு. அப்படியிருந்தால் எனக்கும் மிக்க சந்தோஷம்தான். ஆனால் அது ஒரு பட்டாளத்தின் அன்றாட வணக்கமாகி, அங்கிருந்து சிங்கப்பூர் போய், இந்தியாவுக்கு வந்தது ஆபித் ஹஸன் வழியாகத்தான் என்பதில் சந்தேகமில்லை. ஒரு முஸ்லிம் வாலிபர், ஹிந்துக்கள் வணங்கும் முறையைக் காதால் கேட்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு வார்த்தையைச் செய்து கொடுத்தார். அதன் பிறப்பில் இதைவிட அழகான விஷயம் வேறில்லை.

"நேதாஜி" என்ற பட்டமும் அந்தச் சிப்பாய்கள் கொடுத்ததே. ரவீந்திரநாதர் இயற்றிய "ஜன கண மன" கீதத்தை 1942 செப்டம்பர் 11-ஆம் தேதி ஹாம்பர்க் நகரில் ஜெர்மானிய வாத்திய கோஷ்டி ஒன்று வாசித்தது. ஒரு தேசத்துக்கு வேண்டிய வணக்கம், கீதம், கொடி, தலைவர் எல்லாம் தயார். தேசம் ஒன்றுதான் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், அன்னியன் கையில் இருந்தது.

* * *

1942 ஆகஸ்டு 26-ஆம் தேதி பட்டாளம் பிரமாணம் செய்தது. பிரமாணத்தில் இரண்டு பெயர்கள் வந்தன. இந்தியாவின் விடுதலைக்காக நடக்கும் போரில், சுபாஷ் சந்திர போஸ் தலைவராயிருக்க, ஜெர்மானியப் படைகளின் அதிபதியான ஹிட்லருக்குக் கீழ்ப்படிவதாகச் சொன்னார்கள்.

அந்த இரண்டாவது பெயரில்தான் எல்லாச் சங்கடமும் இருக்கிறது. போஸ் ஹிட்லரை அதே வருஷம் மே மாதக் கடைசியில் நேரில் சந்தித்தார். இந்தியா சுதந்திர நாடு என்று வெளிப்படையாக ஒரு பிரகடனம் செய்யவேண்டும் என்று கேட்டார். ஹிட்லர் பூகோளப் படத்தைக் காட்டி, இந்தியா வெகு தூரம் என்று சொல்லித் தட்டிக் கழித்துவிட்டார். தம் புத்தகத்தில் இந்தியர்களை இழிவாக எழுதியிருந்தவர் அவர். அதைப் பற்றியும் போஸ் அவரிடம் ஆட்சேபம் சொன்னார். ஒரு பயனும் இல்லை. அந்நாளில் நாஜிகள் ஐரோப்பாவில் யூதர்களை லட்சக்கணக்கில் கொன்று குவித்துக் கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட கையிலிருந்து துப்பாக்கி வாங்கினால், துப்பாக்கியோடு வேறு சிலவும் ஒட்டிக் கொண்டுதான் வரும். ஜவாஹர்லால் நேரு பாஸிஸத்தின் பரம விரோதி. போஸ் ஜப்பானியரோடு படையெடுத்து வந்தால் தாமே எதிர்த்துப் போராடுவதாக 1942-ல் சொன்னார். சிறையிலும் வெளியிலும் சேர்ந்து பாடுபட்ட இரண்டு பேர் இப்படி எதிரெதிராக நிற்க நேர்ந்ததே, அதுவே அக்காலத்தின் கொடுமை.

போஸின் யோசனை இதுதான்: ஜெர்மன் சேனை ருஷ்யாவை ஊடுருவிக் காக்கேஸஸ் மலையைத் தாண்டும், அதன் முன்னணியில் இந்தப் பட்டாளம் ஆப்கானிஸ்தானம் வழியாக இந்தியாவின் எல்லையை மிதிக்கும், இந்தியச் சிப்பாய்களைக் கண்டதும் எதிரேயுள்ள இந்தியச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடிப்பார்கள். ருஷ்யாவை ஹிட்லர் தாக்கியதே போஸுக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். எப்படியானால் என்ன? 1943 பிப்ரவரி 2-ஆம் தேதி ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் சேனையின் மிச்சம் சரணாகதி அடைந்தது. இந்தியாவுக்கு அந்த வழி அடைபட்டது.

ஒரு வாரத்துக்குள் போஸ் புறப்பட்டுவிட்டார். பிப்ரவரி 9-ஆம் தேதி கீல் துறைமுகத்தில் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றில் ஏறினார். கூடப் போனவர் ஆபித் ஹஸன் ஒருவரே. ஏப்ரல் கடைசியில், மடகாஸ்கர் தீவுக்கு அப்பால், கொந்தளிக்கும் நடுக்கடலில், ஒரு ரப்பர்த் தோணியின் மூலம் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார்கள். யுத்த காலத்தின் அதிசயப் பிரயாணங்களில் அதுவும் ஒன்று. அதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர் விட்டுச் சென்றவர்களைப் பற்றித்தான் எழுதியவர்கள் குறைவு.

வியன்னாவில் எமிலி ஷெங்கல் என்ற மனைவியையும், 1942 நவம்பரில் பிறந்த அனிதா என்ற கைக்குழந்தையையும் விட்டுச் சென்றார். பெர்லின் அலுவலகத்தை மலையாளத்துக்காரரான ஏ. சி. என். நம்பியார் கையில் ஒப்படைத்தார். பட்டாளத்தை ஒருவரிடமும் ஒப்படைக்கவில்லை. அதை ஜெர்மானிய அதிகாரிகள் வைத்துக்கொண்டார்கள். பயணம் பரம ரகசியம் ஆகையால், தலைவர் போய்விட்டார் என்பதைச் சிப்பாய்களுக்குச் சொல்லக்கூட முடியவில்லை. இரண்டாயிரத்தைந்நூறு பேர் எந்த மனிதரின் வார்த்தையை நம்பிப் பழைய பிரமாணத்தை முறித்தார்களோ, அந்த மனிதர் அவர்கள் அறியாமலே கடலுக்கு அடியில் போய்க் கொண்டிருந்தார். அவர் போனது சரியென்றே நான் நினைக்கிறேன். போகாவிட்டால் சிங்கப்பூர் ராணுவம் அவ்வளவு பெரிதாக எழும்பியிராது. ஆனால் கோனிக்ஸ்புருக்கில் இருந்தவனுக்கு அந்த நியாயம் எப்படி எட்டும்?

* * *

தலைவர் போன பிறகு பட்டாளத்துக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? டச்சுக்காரர்களின் கடற்கரையைக் காப்பது! 1943 வசந்த காலத்தில் அவர்களை ஹாலந்து தேசத்துக்கு அனுப்பினார்கள். இந்தியாவுக்குப் போவதற்கென்று சேர்ந்தோம், இதற்கா சேர்ந்தோம் என்று சிலர் போக மறுத்தார்கள். ராணுவத்தில் மறுப்பவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது தெரிந்ததே. விசாரணையும் தண்டனையும் கிடைத்தன.

ஒரு பிரிவு ஸாண்ட்வூர்ட் கடற்கரையில் நின்றது. ஒரு பிரிவு டெக்ஸெல் தீவில் நின்றது. மூன்றாவது பிரிவை ஹெல்டர்லாந்து மாகாணத்தில் ஓல்டப்ரூக் என்ற இடத்தில் வைத்திருந்தார்கள். நம் திருவள்ளூர் ஜில்லாக்காரர்களுக்கு இந்த மாகாணத்தின் பெயர் முற்றிலும் புதியதல்ல. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கோட்டைக்கு கெல்ட்ரியா என்று பெயர். அந்த மாகாணத்தை நினைத்து வைத்த பெயர் அது. கோட்டை இடிந்து புதர் மண்டிவிட்டது. டச்சுக்காரர் கல்லறைகள் மட்டும் பழவேற்காட்டில் இன்றும் நிற்கின்றன. அந்நாளில் ஹெல்டர்லாந்துக்காரன் நம் கடற்கரையில் காவல் நின்றான், தன் லாபத்துக்காக. முன்னூற்று முப்பது வருஷங்களுக்குப் பிறகு நம் நாட்டான் அவன் ஊரில் காவல் நின்றான், யார் லாபத்துக்காக என்று தெரியாமலே. சரித்திரம் சில சமயம் இப்படி விளையாடுகிறது.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் பட்டாளம் பிரான்ஸுக்கு மாறியது. போர்தோ நகருக்கு அருகில், லக்கனோ என்ற கடலோரத்தில், மணல்மேட்டிலும் காங்கிரீட் கொத்தளங்களிலும் பொழுது போயிற்று. 1944 பிப்ரவரியில் ரோம்மெல் தளபதி அங்கே வந்து பார்வையிட்டார். அந்தப் படங்கள் பிரசித்தமானவை: தலைப்பாகை கட்டிய சீக்கியர்கள் பீரங்கி அருகில் விறைப்பாக நிற்கிறார்கள், வலது புஜத்தில் காவி, வெண்மை, பச்சை என்ற மூவர்ணக் கேடயம், கேடயத்தில் பாயும் புலி, மேலே ஜெர்மன் பாஷையில் "சுதந்திர இந்தியா" என்ற எழுத்துக்கள். மூன்று வருஷங்களுக்கு முன் லிபியாவில் இவர்களைச் சிறைபிடித்தவரே இப்போது இவர்களைப் பார்வையிடுகிறார். அவர் முகத்தில் புன்னகை இருக்கிறது. அவர்கள் முகத்தில் என்ன இருக்கிறது என்று நான் பலமுறை உற்றுப் பார்த்தும் கண்டுகொள்ள முடியவில்லை.

ஒரு கம்பெனியை இத்தாலிக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் லக்கனோவிலேயே இருந்தார்கள். ஜூன் மாதம் நேச தேசத்தார் நார்மண்டியில் இறங்கினார்கள். ஆகஸ்டு 8-ஆம் தேதி, பட்டாளத்தை ஜெர்மன் ராணுவத்திலிருந்து எடுத்து ஹிட்லரின் எஸ். எஸ். படையோடு சேர்த்துவிட்டார்கள். சிப்பாய்களை ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெயரின் கறை பின்னால் அவர்கள் மீது நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

ஆகஸ்டு 15-ஆம் தேதி அவர்கள் லக்கனோவை விட்டுப் பின்வாங்கத் தொடங்கினார்கள். ஆம், ஆகஸ்டு 15. மூன்று வருஷங்களுக்குப் பிறகு அந்தத் தேதிக்கு என்ன அர்த்தம் வரப்போகிறது என்று அவர்களில் யாருக்குத் தெரியும்? பகலில் ஒளிந்து இரவில் நடந்தார்கள். பிரெஞ்சுத் தேசபக்தர்கள் வழிநெடுக மறைந்திருந்து சுட்டார்கள். தங்கள் நாட்டை மீட்கப் போராடும் பிரெஞ்சுக்காரர்களுக்கும், தங்கள் நாட்டை மீட்பதற்கென்று உடுப்பு மாட்டிய இந்தியர்களுக்கும் சண்டை! பெரி கால்வாய்க் கரையில் லெப்டினண்டு அலிகான் குண்டுபட்டு இறந்தார். ஸான்க்வான் என்னும் சிற்றூரில் அவரை ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். அப்பால், லூஸி அருகே காளுராம், மேளாராம் என்ற இருவர் விழுந்தார்கள். கங்கைச் சமவெளியின் பெயர்களைத் தாங்கிய மனிதர்கள் பிரெஞ்சு திராட்சைத் தோட்டங்களின் ஓரத்தில் மாண்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தப் பின்வாங்கலின்போது ரூஃபெக் முதலிய ஊர்களில் கொள்ளையும், பெண்களுக்கு அக்கிரமமும் நடந்தன என்று இந்தப் பட்டாளத்தின் மீது பிரெஞ்சு ஜனங்கள் கடும் குற்றம் சாட்டினார்கள். நம்மவர்கள் என்பதற்காக அதைக் கேளாதது போல் இருந்துவிட முடியாது. தலைவனும் லட்சியமும் இல்லாமல் கையில் துப்பாக்கி மட்டும் மிஞ்சிய கூட்டம் எதுவும் செய்யும். எந்தப் பெண்ணுக்கு அந்த அநியாயம் நேர்ந்ததோ, அவளுக்கு அவர்களுடைய புஜத்திலிருந்த மூவர்ணம் என்னவாகத் தோன்றியிருக்கும்?

* * *

முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அல்ஸேஸ் வழியாக ஜெர்மனிக்குள் வந்தார்கள். 1944 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜெர்மானியக் குடித்தனக்காரர் வீடுகளில் தங்கினார்கள். பிறகு கொடும் பனியில் ஹாய்பெர்க் முகாமுக்கு நடந்தார்கள். 1945 மார்ச்சில் ஹிட்லர் தம் தளபதிகளுடன் பேசும்போது, இந்த இந்தியப் பட்டாளம் ஒரு வேடிக்கை, பேனைக் கொல்லக்கூட மனம் வராதவர்கள் இவர்கள், இவர்கள் கையிலுள்ள ஆயுதங்களை வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்று ஏளனம் செய்தார். எந்த மனிதர் பெயரால் பிரமாணம் வாங்கினார்களோ அவர் வாயிலிருந்தே வந்த நற்சாட்சிப் பத்திரம் அது!

மே மாதம் ஜெர்மனி விழும் தறுவாயில், எஞ்சியவர்கள் போடன்ஸே என்றும் கொன்ஸ்டான்ஸ் என்றும் வழங்கும் பெரிய ஏரியின் கரையோரமாக நடந்து, மலைக் கணவாய் வழியே ஸ்விட்ஸர்லாந்துக்குள் புகுந்துவிடலாம் என்று புறப்பட்டார்கள். கணவாய்க்குப் போய்ச் சேருமுன் அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் பிடித்துக்கொண்டார்கள். இம்மென்ஸ்டாட் என்ற ஊரில் சிலரைப் பிரெஞ்சுச் சேனையின் மொராக்கோச் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றதாகவும் சொல்லப்படுகிறது. மற்றவர்களைப் பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்தார்கள்.

இப்படியாக, இந்தியாவின் மேற்கு எல்லையை வெற்றிக் கொடியோடு மிதிக்கவேண்டும் என்று திரட்டப்பட்ட பட்டாளம், கைதிகளாகக் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. ஆனால் வந்து பார்த்தால் நாடு மாறியிருந்தது. 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ், ஸெகல், தில்லான் மூவர் மீதும் ராஜத்துரோக விசாரணை தொடங்கியபோது தேசமே கொதித்தெழுந்தது. ஒரு முஸ்லிம், ஒரு ஹிந்து, ஒரு சீக்கியர்! கோனிக்ஸ்புருக்கில் போஸ் கலந்து வைத்த அதே கலப்பு, குற்றவாளிக் கூண்டில் வந்து நின்றது. பாஸிஸத்தை எதிர்த்த நேரு, பல வருஷங்களுக்குப் பிறகு வக்கீல் அங்கியை மாட்டிக்கொண்டு அவர்களுக்காகக் கோர்ட்டுக்கு வந்தார். 1946 ஜனவரியில் மூவரும் விடுதலையானார்கள். அடுத்த மாதம் பம்பாயில் கடற்படைக் கலகம் மூண்டது. அதன் பிறகு ஜெர்மனியிலிருந்து வந்தவர்களைக் கூண்டில் ஏற்றப் பிரிட்டிஷ் சர்க்காருக்குத் துணிவு வரவில்லை. அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நம்பியாரும் ஆபித் ஹஸனும் சுதந்திர இந்தியாவின் ராஜதந்திர உத்தியோகத்தில் அமர்ந்தார்கள், தூதர்களானார்கள். சிப்பாய்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. போஸின் ராணுவத்தில் சேர்ந்தவர்களைச் சுதந்திர இந்தியாவின் ராணுவமும் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களில் பலருடைய கிராமங்கள் 1947-க்குப் பிறகு இந்தியாவிலேயே இல்லை, பாகிஸ்தானில் இருந்தன. ஒரே கொட்டகையில் படுத்தவர்கள் இரண்டு தேசத்துப் பிரஜைகளாகிப் போனார்கள்.

1947 நவம்பர் 21-ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் முதல் தபால் தலை வெளியாயிற்று. விலை மூன்றரை அணா. அதில் மூவர்ணக் கொடி பறந்தது. கொடிக்கு அருகில், நாகரி லிபியில், ஹைதராபாத் வாலிபர் ஜெர்மனியில் செய்து கொடுத்த அந்த இரண்டு வார்த்தைகள் அச்சாகியிருந்தன.